நரம்புக்குப் போடும் ஊசியும் முழங்கால் சத்திர சிகிச்சைக்குப் பின்வரும் முதல் இரவும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் நீண்ட காலம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வலது முழங்கால் மூட்டு முற்றாகத் தேய்ந்துவிட்டதால் மூட்டு மாற்று சத்திர சிகிச்சைக்குக் கண்டியில் திகதி கொடுத்திருக்கிறார்கள். இடுப்பில் ஊசி போட்டு சத்திர சிகிச்சை செய்யப்படும் என்றும், அதன் பிறகு வலி தெரியாமல் இருக்கத் தொடையில் நரம்புக்குத் தனியாக ஓர் ஊசி போடலாம் என்றும் மயக்க மருந்து வைத்தியர் சொன்னார். இடுப்பில் போட்டால் ஆயுள் முழுவதும் முதுகுவலி என்றும், நரம்பில் போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்றும் அயலில் உள்ளவர்கள் பயமுறுத்துகிறார்கள். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது; அஸ்பிரினும் எடுக்கிறார். "வலியை நான் பொறுத்துக்கொள்வேன், அந்த ஊசி வேண்டாம்" என்று சொல்கிறார். நாங்கள் சம்மதிக்கலாமா? கால் எத்தனை நாளைக்கு மரத்திருக்கும்? எங்கள் லயன் வீட்டுக்குப் படியேறித்தான் போக வேண்டும், கழிவறையும் வெளியேதான் இருக்கிறது.
– வாசகி, ஹட்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு ஊசிகளுக்கும் சம்மதிக்கலாம். உங்கள் அம்மாவின் வயதையும் நீங்கள் குறிப்பிட்ட நோய்களையும் வைத்துப் பார்க்கும்போது, அவற்றை மறுப்பதற்கான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவரை நேரில் பரிசோதிக்கும் வைத்தியரின் முடிவே இறுதியானது என்றாலும், அவர் யோசனை கூறிய வழி நல்ல வழி. ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை நான் முதலில் சொல்ல வேண்டும். தொடையில் போடும் ஊசி முதல் நாள் பகலையும் அன்றைய இரவின் ஒரு பகுதியையும் கடக்கவே உதவும். அதன் பலன் எப்போது ஓயும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கு முன்பே மற்ற வலி மருந்துகளைத் தொடங்கிவிடும் குடும்பங்கள் அந்த இரவை அமைதியாகக் கழிக்கின்றன. வலி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருப்பவர்கள் நள்ளிரவில் தவித்துப்போகிறார்கள். இந்தப் பதிலின் பெரும் பகுதி அந்த ஆயத்தத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் இடுப்பு ஊசி. முதுகின் கீழ்ப்பகுதியில், முள்ளந்தண்டு வடம் முடிவடையும் இடத்துக்குக் கீழே, நரம்புகளைச் சூழ்ந்திருக்கும் திரவத்துக்குள் சில மில்லிலீற்றர் அளவு மருந்து மட்டுமே செலுத்தப்படுகிறது. சுமார் இரண்டு முதல் நான்கு மணித்தியாலங்களுக்கு இடுப்புக்குக் கீழே வலியும் தெரியாது, கால்களை அசைக்கவும் முடியாது. அதற்குள் சத்திர சிகிச்சை முடிந்துவிடும். 1898ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஓகஸ்ட் பீர் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் தொடங்கிவைத்த முறை இது. இன்று சிசேரியன் பிரசவங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஊசியோடுதான் நடைபெறுகின்றன என்பதால், உங்கள் லயத்திலேயே இதைப் போட்டுக்கொண்ட பெண்கள் இருப்பார்கள். அவர்களில் சிலருக்கு முதுகுவலி இருப்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கர்ப்ப காலத்தில் தளர்ந்த தசைநார்கள், கைக்குழந்தையைத் தூக்கி வளர்த்த நாட்கள், பின்னர் மறுபடியும் மலையேறிக் கொழுந்துப் பாரம் சுமந்த வருடங்கள் ஆகியவற்றை விட்டுவிட்டு, நினைவில் நிற்கும் ஊசியின் மேல் பழியைப் போடுவது எளிதாக இருக்கிறது. ஊசி ஏறிய இடம் சில நாட்களுக்கு நோகலாம். சிலருக்குச் சில நாட்கள் தலைவலி வரலாம், அதுவும் வயது கூடியவர்களுக்குக் குறைவு. நீண்டகால முதுகுவலியை இந்த ஊசி உண்டாக்குவதில்லை.

இனி உங்களை அதிகம் கவலைப்படுத்தும் தொடை ஊசிக்கு வருகிறேன். இதை வைத்தியர்கள் 'நேர்வ் பிளொக்' என்பார்கள். நரம்புத் தடுப்பு ஊசி என்று நாம் சொல்லலாம். பல் பிடுங்கும்போது ஈறில் போடும் விறைப்பு மருந்தின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் அதைவிட நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தே இதற்கும் பயன்படுகிறது. பியூபிவக்கேன், லீவோபியூபிவக்கேன், ரோபிவக்கேன் என்பன அவற்றின் பெயர்கள். மருந்து நரம்புக்குள் ஏற்றப்படுவதில்லை. நரம்பைச் சுற்றியுள்ள இடத்தில் விடப்படுகிறது. அங்கிருந்து அது நரம்புக்குள் ஊறிச் சென்று, வலிச் செய்தி முழங்காலிலிருந்து மேலே போகாமல் சில மணித்தியாலங்களுக்குத் தடுத்து, பின்னர் இரத்தத்தில் கலந்து உடம்பை விட்டு நீங்கிவிடுகிறது. நரம்பு முன்பிருந்தபடியே மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது.

முழங்காலிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்பு ஒன்று மட்டுமன்று. முன்பக்கத்து வலியும் உட்பக்கத்து வலியும் தொடை நரம்பின் கிளைகளின் வழியே போகின்றன. பின்பக்கத்து வலி சியாட்டிக் நரம்பின் கிளைகளின் வழியேயும், ஓரளவு ஒப்டியூரேட்டர் எனும் மற்றொரு நரம்பின் வழியேயும் போகிறது. மலையிலிருந்து நாலு பீலிகளில் இறங்கும் தண்ணீரில் இரண்டு பீலிகளை அடைத்தால் மற்ற இரண்டிலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான், ஊசி சரியாக வேலை செய்யும் நேரத்திலும் சிலர் "முன்னால் ஒன்றும் தெரியவில்லை, மடிப்புக்குப் பின்னால் மட்டும் இழுக்கிறது" என்கிறார்கள். ஊசி பிழைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தப் பின்பக்க வலிக்கென்று, முழங்காலின் பின்குழியிலுள்ள இரத்தக் குழாய்க்கும் மூட்டின் உறைக்கும் இடையில் சிறிதளவு மருந்து விடும் 'ஐபெக்' என்ற முறை இப்போது பல இடங்களில் சேர்த்துச் செய்யப்படுகிறது. இல்லாவிட்டால் சத்திர சிகிச்சை நிபுணரே, தையல் போடுவதற்கு முன்பாக மூட்டைச் சுற்றி விறைப்பு மருந்தை ஏற்றிவிடுவார்.

முன்னைய நாட்களில் கவட்டுப் பக்கமாக, தொடை நரம்பு முழுவதையும் தடுக்கும் ஊசி போடப்பட்டது. வலி நன்றாகக் குறையும். ஆனால் முழங்காலை நிமிர்த்தி நிற்கவைக்கும் முன்தொடைத் தசையும் சேர்ந்து சோர்ந்துவிடும். வலி இல்லையே என்று எழுந்த நோயாளி, முழங்கால் மடிந்து விழுந்துவிடுவார். புதிதாகப் பொருத்திய மூட்டோடு விழுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் இன்று பெரும்பாலும் தொடையின் நடுப்பகுதியில், உட்பக்கமாக, தசைகளுக்கு இடையே உள்ள ஒடுங்கிய வழியொன்றில் மருந்து விடப்படுகிறது. 'அடக்டர் கெனல் பிளொக்' என்பது அதன் பெயர். தசையை இயக்கும் கிளைகளில் பெரும்பாலானவை அந்த இடத்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால் காலின் பலம் பெருமளவு காக்கப்படுகிறது. வலிக்குறைப்போ ஏறத்தாழ முன்னைய ஊசிக்குச் சமமாக இருக்கிறது. "எந்த இடத்தில் போடுவீர்கள், கால் பலவீனமாகுமா?" என்று நீங்கள் வைத்தியரிடம் நேராகக் கேட்கலாம். விரும்பி விளக்கம் சொல்வார்.

ஊசி போடும் விதம் தெரிந்தால் அம்மாவின் பயம் பாதியாகும் என்று நினைக்கிறேன். மல்லாந்து படுக்கவைத்து, காலைச் சற்று வெளிப்பக்கமாகச் சாய்த்து, தொடையைக் கிருமிநீக்கி மருந்தால் துடைப்பார்கள், அது குளிரும். பிறகு கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்ப்பது போன்ற ஸ்கேன் கருவியைத் தொடையில் வைப்பார்கள். திரையில் இரத்தக் குழாய் கறுப்பு வட்டமாகத் துடித்துக்கொண்டிருக்கும். அதன் ஓரத்தில் வெண்மையாகச் சிறு முடிச்சுப் போல நரம்பு தெரியும். மேலே ஓடத்தின் வடிவில் ஒரு தசை படர்ந்திருக்கும். தோலைச் சிறிது மரக்கச் செய்துவிட்டு, மெல்லிய ஊசியைப் பக்கவாட்டில் செலுத்தி, அதன் முனை எங்கே நிற்கிறது என்பதைத் திரையில் பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விடப்படும்; மருந்து பரவும்போது நரம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விரியும். பெரும்பாலும் பதினைந்து, இருபது மில்லிலீற்றர். எல்லாம் பத்து நிமிட வேலைதான். சில இடங்களில் இடுப்பு ஊசிக்கு முன்பும், சில இடங்களில் சத்திர சிகிச்சை முடிந்த பின்பும் போடுவார்கள். விழித்திருக்கும்போது போட்டால், மின்சாரம் தாக்கியதைப் போலக் காலில் சுரீர் என்று இழுத்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். பொறுமை காட்டும் இடம் அது இல்லை.

கால் விளங்காமல் போகுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: நிரந்தரமான நரம்புப் பாதிப்பு மிக அரிது, சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் அது சொல்லப்படுகிறது. தொடையின் உட்பக்கத்திலோ கணுக்காலின் உட்பக்கத்திலோ ஒரு சிறு பரப்பு சில நாட்களோ சில வாரங்களோ மரத்தும் குறுகுறுத்தும் இருப்பது அதைவிடக் கூடுதலாகக் காணப்படும். பெரும்பாலும் அது தானாகவே மாறிவிடும். மூட்டு மாற்றிய பிறகு முழங்காலின் வெளிப்பக்கத் தோல் மரத்திருப்பதும் சாதாரணமாக நடப்பதே. தோலை வெட்டும்போது அறுபடும் நுண்ணிய நரம்புகளால் அது வருவது, ஊசியால் வருவதில்லை. இதை முன்பே தெரிந்துகொண்டால் வீண் கலக்கம் தவிரும்.

மருந்து தவறி இரத்தக் குழாய்க்குள் அதிகமாகப் போனால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரக்கூடும். இதுவும் அரிது, ஸ்கேன் பார்த்துப் போடுவதாலும், ஒவ்வொரு சில மில்லிலீற்றருக்கும் இடையே இரத்தம் வருகிறதா என்று ஊசிக்குழாயைப் பின்னிழுத்துப் பார்ப்பதாலும், மொத்த அளவை நிறைக்கு ஏற்பக் கட்டுப்படுத்துவதாலும் அது தடுக்கப்படுகிறது. வாயைச் சுற்றி மரத்தல், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்பன அதன் முதல் அறிகுறிகள். அம்மாவுக்கு அப்படி ஏதாவது தோன்றினால் சொல்ல வேண்டும். இங்கே நான் ஒன்றை வலியுறுத்துவேன். தோட்டத்தில் உழைத்து வயதான பெண்கள் பலர் 45 கிலோவுக்கும் 50 கிலோவுக்கும் இடைப்பட்ட நிறையுடையவர்கள். பியூபிவக்கேனின் உச்ச அளவு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் என்பதால், 45 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு 90 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது. தொடை ஊசி, பின்குழி ஊசி, சத்திர சிகிச்சை நிபுணர் மூட்டில் ஏற்றுவது எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். ஆகவே குத்துமதிப்பாக ஒரு நிறையைச் சொல்லாமல், கிளினிக்கில் தராசில் நிற்கவைத்து அளந்த நிறையே கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சீனி வருத்தம் இந்த ஊசிக்குத் தடையில்லை. ஆனாலும் பல வருடங்களாகச் சீனி உள்ளவர்களின் பாத நரம்புகள் ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடும். உள்ளங்காலில் எரிவு, பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு, செருப்புக் கழன்றது தெரியாமல் நடப்பது போன்றவை அம்மாவுக்கு இருந்தால், அவற்றை ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி எழுதிவைக்கச் செய்யுங்கள். நலிந்த நரம்பில் மரப்பு சற்றுக் கூடுதல் நேரம் நிற்கலாம். பாதிப்புக்கான வாய்ப்பும் ஓரளவு கூடுதல். ஏற்கெனவே இருந்த மரப்பு எது, புதிதாக வந்தது எது என்பதைப் பின்னர் பிரித்தறியவும் அந்தக் குறிப்பு தேவைப்படும். ஊசியின் பலனை நீட்டிக்க டெக்ஸாமெதசோன் என்ற மருந்தும் கொடுக்கப்பட்டால் ஒன்றிரண்டு நாட்களுக்குச் சீனி ஏறும் என்பதால், வார்டில் அடிக்கடி விரலில் குத்திப் பார்ப்பார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

சிறிய அளவு அஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இரண்டு ஊசிகளையும் போடலாம். நீங்களாக அதை நிறுத்த வேண்டாம். ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல், வார்பரின் போன்ற மாத்திரைகளின் கதை வேறு. அவற்றில் ஏதாவது இருந்தால் சத்திர சிகிச்சைக்குப் பல நாட்களுக்கு முன்பே வைத்தியர் முடிவெடுக்க வேண்டும். பெயர் நினைவில்லை என்றால் மாத்திரை அட்டைகளையே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் தனியார் மருந்தகத்திலும் வாங்கியவையும் அதில் இருக்கட்டும். மரக்கச் செய்துதானே செய்கிறார்கள் என்று உண்ணாநோன்பைத் தளர்த்தவும் வேண்டாம். ஆறு மணித்தியாலங்களுக்கு முன்பிருந்து உணவும் பால் தேநீரும் கூடாது. வெற்றிலையும் அன்று வேண்டாம்.

இனி, வலியைப் பொறுத்துக்கொள்வேன் என்ற அம்மாவின் வார்த்தை. கொட்டும் மழையில் செங்குத்து மலையில் கூடையோடு நின்ற ஒருவருக்கு வலியைப் பொறுக்கத் தெரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூட்டு மாற்று சத்திர சிகிச்சையில் பொறுமைக்குப் பரிசு கிடையாது. வலியைப் பொறுத்துக்கொண்டு அசையாமல் கிடப்பவரின் புதிய மூட்டு இறுகிவிடும். முதல் சில வாரங்களில் மடக்கிப் பழகாத முழங்காலைப் பின்னர் மடக்கவைப்பது மிகவும் கடினம். அசையாத காலில் இரத்தம் உறையக்கூடும். தூங்காத இரவு அடுத்த நாள் பயிற்சியைக் கெடுக்கும். முதல் நாட்களில் கடுமையான வலியை அனுபவித்தவர்களிடம் மாதக்கணக்கில் நீடிக்கும் வலியும் கூடுதலாகக் காணப்படுகிறது. மாறாக, எல்லா வலியையும் மோர்பின் போன்ற மருந்தால் மட்டும் அடக்க முயன்றால் வாந்தி, மயக்கம், மலச்சிக்கல், சிலவேளை மூச்சு மந்தமாதல் ஆகியவை வரும். தொடை ஊசி அந்த மருந்துகளின் தேவையைக் குறைக்கிறது. ஆகவே இதை ஏற்றுக்கொள்வது பலவீனம் ஆகாது. மறுநாள் காலையில் எழுந்து நடப்பதற்கான வழி இது என்று அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் மரத்திருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். நாட்கணக்கில் இல்லை. ஒரே தடவை போடும் ஊசி பொதுவாக 12 முதல் 24 மணித்தியாலங்களுக்குப் பலன் தரும். ஆளுக்கு ஆள் மாறும். மெல்லிய குழாய் ஒன்றை நரம்பின் அருகே வைத்துத் தொடர்ச்சியாக மருந்து விட்டால் இரண்டு, மூன்று நாட்களுக்கு நீட்டலாம். ஆனால் அதற்குத் தனிக் கவனிப்புத் தேவை என்பதால் எல்லா இடங்களிலும் செய்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலை பத்து மணிக்கு ஊசி போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் இடுப்பு ஊசி விலகும், பாதங்கள் அசையும், வலியோ பெரிதாகத் தெரியாது. மாலையில் பார்க்கவரும் உறவினரிடம் அம்மா சிரித்துப் பேசுவார். "இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன்" என்றும் சொல்லக்கூடும். இரவு எட்டு மணிக்குத் தாதி மாத்திரை கொண்டுவரும்போது, "எனக்கு வலியே இல்லை, எதற்கு மாத்திரை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்த மாத்திரையைத் திருப்பி அனுப்புவதுதான் அன்றைய நாளின் மிகப் பெரிய தவறாகிவிடுகிறது. நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில், வார்டில் விளக்குகள் அணைந்து தாதியரின் எண்ணிக்கையும் குறைந்திருக்கும் நேரத்தில், மரப்பு விலகத் தொடங்கும். உடம்பில் வேறெந்த மருந்தும் இல்லாதபோது வலி முழு வேகத்தோடு திரும்பிவரும். அந்த வேளையில் மாத்திரை விழுங்கினாலும் அது வேலை செய்ய முக்கால் மணி, ஒரு மணித்தியாலம் ஆகும்.

எனவே, வலி இல்லாத அந்த மாலையிலிருந்தே மாத்திரைகளை நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். அடிப்படை மருந்து பரசிட்டமோல். வளர்ந்தவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை 1 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் இரண்டு. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள், இங்கேயும் நிறை முக்கியமாகிறது. அதனோடு வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் டைக்ளோபினாக் அல்லது செலிகொக்சிப் போன்ற ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் வயது, சீனி வருத்தம், அஸ்பிரின் மூன்றும் உள்ள உங்கள் அம்மாவின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பார்த்துத்தான் வைத்தியர் அதை முடிவு செய்வார், கொடுத்தாலும் குறைந்த நாட்களுக்கே கொடுப்பார். அதற்கும் மேல் வலி வந்தால் எடுப்பதற்கென்று டிரமடோல் அல்லது மோர்பின் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் அறிந்துவைக்க வேண்டியது இரண்டு: ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது, இரவில் வலி வந்தால் கொடுப்பதற்கு எந்த மருந்து எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரு தாளில் தமிழில் எழுதி அம்மாவின் தலையணைக்குக் கீழே வைத்துவிடுங்கள். துணைக்கு ஒருவர் இரவு தங்க முடியுமா என்று வார்டில் முன்பே கேளுங்கள்.

வலியைச் சொல்லும் விதத்தையும் வீட்டிலேயே பழக்குங்கள். வார்டில் பூச்சியத்திலிருந்து பத்துவரை இலக்கம் கேட்பார்கள். பூச்சியம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் நினைக்கக்கூடிய அளவில் மிக மோசமான வலி. நம் அம்மாமார் இந்தக் கேள்விக்குப் "பரவாயில்லை" என்று பதில் சொல்லிப் பழகியவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டும் அதையே சொல்வார்கள். தாதியோ அதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். விரல்களைக் காட்டினால் போதும், மொழி தடையாக இருக்காது. படுத்திருக்கும்போது உள்ள வலியை மட்டுமல்ல, முழங்காலை மடக்கும்போது உள்ள வலியையும் சொல்ல வேண்டும்; பயிற்சியைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். சம்மதப் படிவத்தைத் தமிழில் தரும்படியோ, தமிழில் வாசித்து விளக்கும்படியோ கேட்பது உங்கள் உரிமை, கேட்கத் தயங்காதீர்கள்.

மரத்திருக்கும் காலைப் பற்றிச் சில எச்சரிக்கைகள் உண்டு. பலம் இருப்பதுபோலத் தோன்றினாலும் முதல் தடவை எழும்பும்போது இயன்மருத்துவரோ தாதியோ பக்கத்தில் இருக்க வேண்டும், வோக்கரும் வேண்டும். அதற்கு முன்பு கட்டிலில் படுத்தபடி காலை நிமிர்த்தித் தூக்கச் சொல்வார்கள். தூக்க முடியாவிட்டால் அந்தக் காலில் நிற்கக் கூடாது. நள்ளிரவில் யாரையும் எழுப்பக் கூடாது என்று கழிவறைக்குத் தனியே போகும் பெண்கள்தான் விழுகிறார்கள். கூப்பிடுவது தொந்தரவில்லை என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இரண்டாவதாக, மலைநாட்டுக் குளிருக்குச் சுடுநீர்ப் போத்தலைப் போர்வைக்குள் வைப்பது நம் வீட்டு வழக்கம். மரத்த காலுக்கு அதை ஒருபோதும் செய்யக் கூடாது. தோல் வெந்து கொப்புளம் போடுவதுகூடத் தெரியாது, சீனி உள்ளவருக்கு அந்தப் புண் ஆறுவதும் கடினம். தைலமும் எண்ணெயும் காயத்தின் அருகே வேண்டாம். மூன்றாவதாக, குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றிவையுங்கள். ஊசி போட்டும் தாங்க முடியாத வலி கெண்டைக்காலில் ஏறிக்கொண்டே போனாலோ, பாதம் வெளிறிக் குளிர்ந்தாலோ, மருந்து கேட்பதோடு நிற்காமல் வைத்தியரை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அன்றைய தினம் ஸ்கேன் கருவியோ அதில் பயிற்சி பெற்றவரோ வேறு தியேட்டரில் இருக்க நேர்ந்து, தொடை ஊசி போடப்படாமலும் போகலாம். அதற்காக மனம் சோர வேண்டாம். சத்திர சிகிச்சை நிபுணர் மூட்டைச் சுற்றி ஏற்றும் விறைப்பு மருந்தோடு, நேரம் தவறாத மாத்திரைகள், பனிக்கட்டி ஒத்தடம், தேவைக்கு மோர்பின் ஆகியவை சேர்ந்தால் நல்ல பலன் கிடைக்கும். இடுப்பு ஊசியோடு சிறிதளவு மோர்பின் சேர்க்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு நாள்வரை உதவும். உடம்பு அரித்தால் அதைச் சொல்லுங்கள், மருந்து உண்டு.

வீடு திரும்பும் நேரத்தில் தொடை ஊசியின் வேலை எப்போதோ முடிந்திருக்கும். அதன் பிறகு நடக்க வேண்டியதெல்லாம் மாத்திரைகளோடும் பயிற்சியோடும்தான். கழிவறை வெளியே இருப்பதையும், ஏற வேண்டிய படிகள் எத்தனை, கைப்பிடி இருக்கிறதா இல்லையா என்பதையும் அனுமதிக்கப்படும் அன்றே இயன்மருத்துவரிடம் சொல்லுங்கள். படியேறும் முறையை அனுப்புவதற்கு முன்பே அம்மாவுக்குப் பழக்கிவிடுவார். நல்ல காலை முதலில் மேல்படியில் வைத்து ஏற வேண்டும். இறங்கும்போது சத்திர சிகிச்சை செய்த காலை முதலில் கீழே வைக்க வேண்டும். முதல் வாரங்களின் இரவுகளுக்குக் கட்டிலருகே ஒரு கொமட் கதிரை இருந்தால், மழை இரவில் வழுக்கும் படிகளில் இறங்க வேண்டிய தேவை இராது. கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும் காலை நீட்ட முடியாது; முடிந்தால் காரோ வானோ ஒழுங்கு செய்து, வழியில் ஓரிரு தடவை நிறுத்தி நாலடி நடக்கவையுங்கள். புறப்படுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே வலி மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள்.

ஊசி போட்டு இரண்டு நாட்கள் கடந்தும் கால் மரத்தே இருந்தால், அல்லது பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டால், சத்திர சிகிச்சை செய்த வைத்தியசாலைக்குத் தெரிவியுங்கள். கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தால், காய்ச்சலோடு காயத்திலிருந்து நீர் வடிந்தால், தாமதிக்காமல் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் அல்லது நெஞ்சு வலித்தால், டிஸ்பென்சரி திறக்கும்வரை காத்திருக்காமல் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழையுங்கள்; அம்மாவுக்கு முழங்கால் சத்திர சிகிச்சை எந்தத் திகதியில் நடந்தது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.